நீதிபதியைக் காணிப்பாக்கத்துக்கு அழைத்த ஜெயம்மா

பெருமதிப்பிற்குரிய தலைவர், சித்தூர் வக்கீல்களில் மூத்தவர் கோவர்த்தனன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பாலசமுத்திரம் பஞ்சாயத்துத் தலைவர் முனிகிருஷ்ணன் அவர்களே! கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கைமேல் போட்டுக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வக்கீல் நண்பர்களே! வண்டி கட்டிக்கொண்டும் பஸ் பிடித்தும் வந்து, உள்ளே இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் பாலசமுத்திரத்து விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! பெற்ற தாயைப் பறிகொடுத்த துக்கத்தோடு நம் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும் அருமை மகள் வள்ளி அவர்களே! உங்கள் அனைவருக்கும் வக்கீல் வெங்கடரமணனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஒருவர், காலஞ்சென்ற பஞ்சாயத்து போர்டு உறுப்பினர் ஜெயம்மா அவர்கள் சாந்தமே உருவானவர் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரங்கல் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் சாந்தமா? ஜெயம்மாவா? வாசலில் நிற்கிறவர்களைக் கேளுங்கள்! அந்த அம்மாளுடைய வழக்கை நடத்தியவன் நான். கோர்ட்டு வராந்தாவில் நாலு பேர் பார்க்க என்னை நிறுத்தி வைத்து, "இன்னா வக்கீலய்யா, வூட்ல அந்தப் பேச்சு பேசறீங்க, உள்ள போனா வாய்ல கொழுக்கட்ட வெச்சிக்கினு நிக்கிறீங்க?" என்று கேட்டவர் அவர். என் குமாஸ்தா அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தான்.

சாந்தமானவர் என்று சொல்லி அவரைச் சின்னவர் ஆக்காதீர்கள். ஜெயம்மா கோபக்காரர். வாய்க்காரர். பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். ஏனென்றால், இன்று அதை நாம் புதைக்கப் போகிறோமா, தூக்கிக்கொண்டு போகப் போகிறோமா என்பது இந்தக் கூட்டம் முடிவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

தலைவர் அவர்கள் தம் முன்னுரையில் ஒரு யோசனை சொன்னார். கோர்ட்டை அவமதித்ததாக ஜெயம்மாவுக்குப் போட்ட அபராதத்தை நாமெல்லாரும் சேர்ந்து கட்டிவிடலாம், தில்லியில் உச்ச நீதிமன்றத்தில் நிற்கிற அப்பீலை வாபஸ் வாங்கிவிடலாம், அந்த அம்மாளின் ஆத்மா சாந்தி அடையட்டும் என்றார். நல்ல மனதோடு சொன்னார். அவரிடம் நான் தொழில் கற்றவன். அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவன். கும்பிட்டுக்கொண்டே சொல்கிறேன் ஐயா, கூடாது! அபராதத்தை யாரும் கட்டக் கூடாது! அப்பீலை யாரும் தொடக் கூடாது!

ஏன் என்று சொல்கிறேன். வெளியூர்க்காரர்களும் சிலர் வந்திருப்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்கிறோம்? காணிப்பாக்கம் போகிறோம். பிள்ளையார் கோவில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சந்நிதியில் நின்று, நான் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்கிறோம். அதோடு விவகாரம் முடிந்தது. தமிழர் வீடானாலும் சரி, தெலுங்கர் வீடானாலும் சரி, அதற்குமேல் ஒரு பேச்சுக் கிடையாது. பாலசமுத்திரத்தில் இன்னும் ஒரு பழக்கம் உண்டு. சத்தியத்துக்கு யார் கூப்பிடுகிறார்களோ, அவர்தான் வண்டி கட்ட வேண்டும். சத்தியம் முடிந்து ஊர் திரும்பியதும், சத்தியம் பண்ணியவரைத் தம் வீட்டில் உட்கார வைத்து இலை போட்டுச் சாப்பாடு போட வேண்டும். போடாவிட்டால் கூப்பிட்டவருக்குத்தான் அவமானம்.

ஜெயம்மாவும் அப்படி ஒரு முறை முழுகியவர்தான். பக்கத்து நிலத்துக்காரர் சந்திரம்மா, தன் வரப்பை ஜெயம்மா இரவோடு இரவாக வெட்டித் தள்ளிவிட்டார் என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். நடு மார்கழி. ஜெயம்மா, "ஏண்டி, கத்திக்கினே கீற? வண்டியக் கட்டு!" என்றார். போனார்கள். பல் கிடுகிடுக்க முழுகினார், சொன்னார், திரும்பினார். அன்றைக்கே சந்திரம்மா வீட்டில் உட்கார்ந்து, "கொழம்புல உப்பு பத்தலடி" என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவர் வயலுக்கு மற்றவர் நாற்றுப் பறித்துக் கொடுக்கிற அளவுக்குச் சிநேகம். சந்திரம்மா அதோ தூணுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறார். பொய்யா அம்மா? தலையை ஆட்டுகிறார், பாருங்கள்.

இதை எதற்காக இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? காணிப்பாக்கத்துக்கு வா என்று ஒருவரைக் கூப்பிட்டால், நம் ஜனங்களிடத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டும். நீ திருடன் என்று அர்த்தமா? இல்லை ஐயா! உன் வாயால் ஒரு வார்த்தை சொல், நான் நம்பிவிடுகிறேன் என்று அர்த்தம். திருடன் என்று முடிவு கட்டிவிட்டவனை யாராவது சொந்தச் செலவில் வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போவார்களா? வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவார்களா?

இனி வழக்குக்கு வருகிறேன். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த மறு வருஷம். பாலசமுத்திரத்து ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மேட்டு நிலத்துக்காரர் ஒருவர் மண் போட்டு மூடி, மாங்கன்று நட்டுவிட்டார். எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். இந்த ஊர் ஆந்திராவிலா, சென்னை ராஜ்யத்திலா என்று ரெவின்யூக்காரர்களுக்கே தெரியாத சமயம். யாரிடம் போய் அழுவது? ஊர் சேர்ந்து பிராது போட்டது. முதல் வாதி ஜெயம்மா. எந்தக் கோர்ட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு எனக்கும் ஒரு நோட்டீஸ் வரும், அதை வாங்க எனக்கு ஆசைதான், ஆனால் இன்று ஜெயம்மாவின் நாள்.

சாட்சியெல்லாம் நம் பக்கம். பழைய ரிக்கார்டுகள் நம் பக்கம். தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்னால் சிட்டிபாபு என்கிற தரகன் ஊருக்குள் வந்தான். கோர்ட்டைச் சுற்றியே வயிறு வளர்க்கிற ஆள். ஜட்ஜைக் கொஞ்சம் கவனித்தால் தீர்ப்பு உங்களுக்கு, இல்லையென்றால் அந்தப் பக்கத்தார் தயாராக இருக்கிறார்கள் என்றான். ஊரார் விரட்டிவிட்டார்கள். தீர்ப்பு வந்தது. நாம் தோற்றோம். தீர்ப்பைப் படிப்பதற்கு முன்னாலேயே, அன்று காலையில் அந்தச் சிட்டிபாபு ஓட்டலில் உட்கார்ந்து, "நா அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? ஐயாவுக்குப் போக வேண்டியது போய்ச் சேந்துச்சு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐயாவுக்குப் போய்ச் சேர்ந்ததா, சிட்டிபாபுவின் மடியிலேயே தங்கிவிட்டதா? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஜெயம்மாவுக்கும் தெரியாது. அதனால்தான் கேட்டார்!

தீர்ப்பு படித்து முடிந்தது. நான் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் ஜெயம்மா எழுந்து நிற்கிறார். கை இரண்டையும் கூப்பிக்கொண்டு, ஜட்ஜைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தையை அப்படியே சொல்கிறேன், என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்.

"ஐயா, நீங்க துட்டு வாங்கிக்கினீங்கன்னு சிட்டிபாபு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறான். நா நம்பல. ஆனா ஜனங்க நம்புது. நீங்க ஒரு தபா காணிப்பாக்கம் வந்து முழுகிட்டு, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. வண்டி நா கட்டறேன். எங்க வூட்லயே சாப்புடலாம்."

பெஞ்சு கிளார்க் இந்த ஊர்க்காரர். அவருக்கு அதன் மரியாதை புரிந்தது, பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போனார். ஜட்ஜ் வெளியூர்க்காரர். கடற்கரை ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்குப் புரியவில்லை. "என்னையா சத்தியம் பண்ணச் சொல்கிறாய்?" என்று இரைந்தார்.

ஜெயம்மா பயந்தாரா? "ஏன், எங்களயெல்லாம் கூண்டுல ஏத்தி சத்தியம் வாங்கிக்கினுதானே பேசவே விடறீங்க?" என்று கேட்டார்.

நண்பர்களே! இருபது வருஷமாக வக்கீல் தொழில் செய்கிறேன். அப்படி ஒரு கேள்வியை எந்தக் கட்சிக்காரரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சாட்சி சத்தியம் பண்ணுகிறான். கட்சிக்காரர் சத்தியம் பண்ணுகிறார். இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டால் கோவிலுக்கு அனுப்பிச் சத்தியம் வாங்கிவரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது! குடியானவனை அனுப்பலாம். நெசவாளியை அனுப்பலாம். அவர்களுக்கெல்லாம் அது அவமானம் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் மட்டும் அவமானமா? என்ன அநியாயம் ஐயா இது!

மன்னிப்புக் கேள், விட்டுவிடுகிறேன் என்றார் ஜட்ஜ். இல்லாவிட்டால் அபராதம், கட்டத் தவறினால் சிறை. நான் ஓடிப்போய்க் காதில் சொன்னேன். "அம்மா, ஒரு வார்த்தை, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிடுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்று கெஞ்சினேன். வக்கீலுடைய கடமை அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நா சாப்பாட்டுக்குக் கூப்ட்டேன் வக்கீலய்யா. அதுக்கு எவனாவது மன்னிப்புக் கேப்பானா?" என்றார். கூட வந்த பாலசமுத்திரத்துக்காரர்கள் அபராதத்தைக் கட்ட முடிச்சை அவிழ்த்தார்கள். "எவனாச்சும் கட்னீங்க, அவன் வூட்டுப் பக்கம் நா தல வெச்சுப் படுக்க மாட்டேன்!" என்று ஒரு சத்தம். அவிழ்ந்த முடிச்சு மறுபடி இடுப்புக்குப் போய்விட்டது.

சிறைக்குப் போனார். அப்பீல் போட்டு, தண்டனையை நிறுத்தி வைக்க உத்தரவு வாங்கி, நான் அழைத்துவரப் போனேன். இந்த வள்ளியும் கூட வந்தார். உள்ளே என்ன செய்தீர்கள் அம்மா என்று கேட்டேன். உள்ளே இருந்த பெண்கள் ஒவ்வொருவருடைய வழக்கையும் கேட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! "அதுல ரெண்டு பொண்ணுக்கு வக்கீலே இல்ல. நீங்க ஆஜராவுங்க" என்று உத்தரவு போட்டார். ஆஜரானேன். வேறு வழி?

அப்பீல் போட்டபோது மேல் கோர்ட்டு குண்டூரில் இருந்தது. விசாரணைக்கு வருவதற்குள் ஆந்திரப் பிரதேசம் ஆகி, கோர்ட்டு ஐதராபாத்துக்குப் போய்விட்டது. "இன்னா வக்கீலய்யா, நாம போக போக கோர்ட்டு தூரமா ஓடிக்கினே கீது?" என்றார். அங்கே என்ன சொன்னார்கள்? ஜட்ஜ் வாங்கினாரா இல்லையா என்பது எங்கள் முன் உள்ள கேள்வி அல்ல, அந்த அம்மாள் அவமதித்தாரா என்பதே கேள்வி என்றார்கள். தள்ளுபடி. சட்டப்படி எழுதியிருந்தார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து அதை ஜெயம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய வேலை என்னுடையது! அவர் கேட்ட ஒரே கேள்விக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் இல்லை. அவர் கேட்டதே குற்றமா என்பதைப் பற்றித்தான் எல்லாக் கோர்ட்டும் பேசிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நம்முடைய புத்திசாலிகள் சிலர் அவரிடம் போனார்கள். அவர்களும் இன்று வந்திருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன், கண்ணைக் கீழே போட வேண்டாம். எல்லைக் கமிட்டி முடிவு வரட்டும், பாலசமுத்திரம் சென்னைப் பக்கம் போய்விட்டால் இந்த அபராதத்தை யார் வந்து கேட்பார்கள், பேசாமல் இரு என்றார்கள். ஜெயம்மா சொன்ன பதிலை முனிகிருஷ்ணன் அவர்களே என்னிடம் வந்து சொன்னார். "எல்லக் கல்ல இந்தாண்ட நட்டா இன்னா, அந்தாண்ட நட்டா இன்னா? அந்தாண்ட போனா ஜட்ஜு வாங்க மாட்டாரா? கல்லு நட்டா நாயம் வந்துடுமா?"

தமிழர்கள் தமிழருக்காகக் கூட்டம் போடுகிறோம். தெலுங்கர்கள் தெலுங்கருக்காகக் கூட்டம் போடுகிறார்கள். பத்து வருஷமாக மேப்பை விரித்துக்கொண்டு இந்த ஊர் எனக்கு, அந்த ஊர் உனக்கு என்று சண்டை போடுகிறோம். நானும் போட்டேன், ஜெயம்மாவின் பேச்சைக் கேட்ட பிறகும் போட்டேன், இனிமேலும் போடுவேன். ஆனால் எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் கோர்ட்டு நியாயமாக இருக்க வேண்டும் என்று கேட்ட குரல் ஒன்றே ஒன்றுதான். அது அந்த அம்மாளுடைய குரல்.

தில்லிக்கு எழுதினோம். உச்ச நீதிமன்றம் அப்பீலை ஏற்றுக்கொண்டது! செய்தி வந்த அன்று பாலசமுத்திரத்தில் பொங்கல் வைத்தார்கள். மறு வாரமே யார் வந்தான் தெரியுமா? சிட்டிபாபு! வெட்கம் மானம் இல்லாமல் அதே ஊருக்கு, அதே வீட்டுக்கு வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். "அம்மகாரு, தில்லியிலயும் மனவாளு, நம்ம ஆளுங்க, இருக்காங்க. நா பாத்துக்கறேன். ஊரு சேந்து கொஞ்சம் ஏற்பாடு பண்ணா, தீர்ப்பு உங்க பக்கம்" என்றான்.

இதில் வேதனை என்ன தெரியுமா? இந்த முறை ஊரார் அவனை விரட்டவில்லை. எத்தனை தோல்வி! எத்தனை அலைச்சல்! ஒருவர் மெதுவாக, "ஒரு தபா குடுத்துத்தான் பாப்பமே" என்றார். இன்னொருவர், "எல்லாரும்தானே குடுக்கறாங்க" என்றார். நல்லவர்கள்தான். உழைக்கிறவர்கள்தான். நம்பிக்கை போய்விட்ட மனுஷன் அப்படித்தான் பேசுவான். தில்லிக் கோர்ட்டைப் பற்றி அந்தத் தரகன் சொன்னது பச்சைப் பொய். ஆனால் அவர்கள் அதை நம்பினார்கள்! பணம் கைமாறினால்தான் நாசம் என்று நினைக்காதீர்கள். கைமாறியிருக்கும் என்று ஜனங்கள் நம்பினாலே போதும்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஜெயம்மா முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. சிட்டிபாபுவைக்கூடப் பார்க்கவில்லை. ஊராரைப் பார்த்துத்தான் கேட்டார். "அந்தக் கோர்ட்டும் வெலைக்கு வரும்னா, அதுங்கிட்ட ஜெயிச்சு நா இன்னா பண்ணப் போறேன்? எனக்கு ஜெயிக்க வாணாம். நெசமான கோர்ட்டு ஒண்ணாவது கீதான்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

சிட்டிபாபு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனான்.

அவர் கேட்டது அவ்வளவுதான்! கால்வாய் கேட்டுத் தொடங்கினார். கடைசியில், இந்தத் தேசத்தில் குடியானவள் ஒருத்தி நம்பிப் போய் நிற்கிற மாதிரி ஓர் இடமாவது இருக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பதில் வருவதற்குள், போன மாதம் நடவு வயலில் மார்வலி என்று வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. என் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், கோர்ட்டு என்றும் பாராமல் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது சட்டத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஆள் இறந்துவிட்டால் சிறைத் தண்டனை அவரோடு போய்விடும். அபராதம் போகாது. அது அவர் விட்டுப்போன சொத்தின்மேல் நிற்கும். அபராதம் நிற்பதால் அதை எதிர்த்த அப்பீலும் நிற்கும். வாரிசு வந்து நடத்தலாம். நடத்துகிறீர்களா, விடுகிறீர்களா என்று தில்லியிலிருந்து வள்ளிக்குக் கேள்வி வந்திருக்கிறது. அவர் செய்தது அவமதிப்பு என்று அவர்கள் போட்ட அபராதம்தான் இன்று அவருடைய கேள்வியை உயிரோடு வைத்திருக்கிறது. அதைக் கட்டிவிடலாம் என்கிறீர்களே! கட்டினால் என்ன ஆகும்? ஆமாம், அவர் அவமதித்தார்தான் என்று நாமே கைநாட்டு வைத்துக் கொடுத்தது ஆகும். உயிரோடு இருந்தபோது அவர் கேட்க மறுத்த மன்னிப்பை, செத்த பிறகு அவர் சார்பில் நாம் கேட்டது ஆகும். யாருக்கு இங்கே அந்த உரிமை இருக்கிறது? எனக்கு இல்லை. தலைவர் அவர்களே, உங்களுக்கும் இல்லை.

கோர்ட்டின் கௌரவம் என்ன ஆவது என்று தலைவர் கேட்டார். நானும் அதைத்தான் கேட்கிறேன்! கோர்ட்டை அவமதித்தது யார்? கைகூப்பி நின்று உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டவரா? அல்லது ஐயாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஓட்டலில் உட்கார்ந்து ஏலம் போட்டவனா? அவன்மேல் ஏதாவது வழக்கு உண்டா? நோட்டீஸ் உண்டா? இன்றைக்கும் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் நின்றுகொண்டுதான் இருக்கிறான். போகும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

வள்ளி அவர்கள் இன்று காலை என் வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள், கட்டிக்கொடுத்த இடத்தில் வேண்டாம் என்கிறார்கள். நானும் வற்புறுத்தவில்லை. "யோசிச்சுக்க அம்மா, நீ விட்டாலும் உன்னை ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றேன். "நா கொற சொல்லிக்குவேனே" என்றார் அந்தப் பெண். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி அந்த அப்பீல் வள்ளியின் பெயரில் நடக்கும்.

ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. தில்லியில் என்னை என்ன கேட்பார்கள்? ஒரு கௌரவமான மனிதரைச் சத்தியத்துக்குக் கூப்பிடுவது அவமானம் இல்லையா என்று கேட்பார்கள். இல்லை, எங்கள் ஊரில் அது மரியாதை என்று நான் சொல்வேன். சும்மா வாயால் சொன்னால் யார் நம்புவார்? கௌரவமான மனிதர் யாராவது அப்படிப் போய் முழுகியிருக்கிறாரா, காட்டுங்கள் என்பார்கள். காட்ட வேண்டாமா?

ஆகவே ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். மௌன அஞ்சலி, மாலை, படத்திறப்பு எல்லாம் நீங்கள் செய்யுங்கள். என் தீர்மானம் இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை காணிப்பாக்கம் போகிறோம். வக்கீல்கள் போகிறோம். ஜட்ஜின் பையை ஜட்ஜே வந்து நிரப்பிக்கொள்வதில்லை ஐயா. அவர் வாங்கினார் என்றால், நடுவில் ஒரு கை இருக்கிறது. சிட்டிபாபுவுக்கு நம் ஆபீசுகளில் நாற்காலி போட்டது யார்? அதனால் முதலில் நாம் முழுகுவோம். எந்த நீதிபதிக்கும், எந்தத் தரகன் வழியாகவும், என் கட்சிக்காரர் பணத்தை நான் கொடுத்ததில்லை என்று ஈரத் துணியோடு நின்று சொல்லுவோம். சொன்னவர்கள் எல்லோரும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவோம். எங்களைச் சத்தியத்துக்குக் கூப்பிட்டார்கள், போனோம், எங்களுக்கு ஒரு குறைவும் வரவில்லை என்று எழுதுவோம். அந்தக் காகிதத்தோடு நான் தில்லிக்குப் போய் நிற்கிறேன்.

முதலில் முழுகுகிறவன் நான். வண்டி பாலசமுத்திரத்தார் கட்டுகிறார்கள், முனிகிருஷ்ணன் அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார். சாப்பாடு வள்ளி வீட்டில்.

வாசலில் இருக்கிறவர்கள் கையை இறக்குங்கள் அப்பா, உங்களைக் கேட்கவில்லை, நீங்கள் எப்போதோ முழுகியவர்கள். நான் கறுப்புக் கோட்டுக்காரர்களைக் கேட்கிறேன். யார் யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள். ஜூனியர்கள் தூக்கிவிட்டார்கள், சந்தோஷம். நடுவில் இருக்கிறவர்களும் ஒவ்வொருவராகத் தூக்குகிறார்கள். தூக்காதவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருக்கலாம்.

தலைவர் அவர்களே, நீங்கள் எங்களுக்கெல்லாம் மூத்தவர். உங்களுக்கென்று வண்டியில் முன்னால் இடம் வைத்திருக்கிறோம். உங்கள் கை இன்னும் மேஜைமேலேயே இருக்கிறது, ஐயா.